கோமதிக்கு எத்தனை எழுத்து?

எங்கள் ஊர் நூலகத்தின் உறுப்பினர் பட்டியல் இரண்டு எக்செல் கோப்புகளில் கிடந்தது, சுமார் 2,000 பெயர்கள். இரண்டையும் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில் ஏற்றி, அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டு, ஆளுக்கு ஓர் அட்டை அச்சிட வேண்டும். ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தேன். நான்கு நாள் பிடித்தது.

முதலில் சிக்கியது கோமதி. இரண்டு கோப்பிலும் அதே பெயர், அதே முகவரி. ஆனால் இணைத்துப் பார்த்தால் சேரவில்லை. இடைவெளிதான் காரணமாக இருக்கும் என்று, ஓரத்து இடைவெளிகளை நீக்கும் டிரிம் ஃபங்ஷனைப் போட்டேன். டிரிம் சாதாரண இடைவெளியை மட்டுமே நீக்கும். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வந்துவிடும் 160ஆம் எண் கொண்ட வேறுவகை இடைவெளியைத் தொடாது. அதை ரீப்ளேஸ் செய்துவிட்டு மறுபடி டிரிம் போட்டதும் நிறையப் பேர் சேர்ந்தார்கள். கோமதி சேரவில்லை.

சரி, நீளத்தை எண்ணும் லெங்த் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். ஒரு கோமதிக்கு 5, இன்னொரு கோமதிக்கு 6. நமக்கோ மூன்றே எழுத்து! தரவுத்தளம் எண்ணுவது நம் எழுத்தை அல்ல, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு குறியீடுகளை. ககரம், ஓகாரக் குறி, மகரம், தகரம், இகரக் குறி, ஆக ஐந்து. அந்த ஓகாரக் குறியையே இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். அப்போது ஆறு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டுகளை எண்ணும் ஆக்டெட் லெங்த் 15, 18 என்று காட்டியது, குறியீட்டுக்கு மூன்று பைட் கணக்கு. போஸ்ட்கிரஸில், 2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து, இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே வடிவமாக்கும் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதைப் போட்டதும் இரண்டு கோமதியும் ஒன்றானார்கள். அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது இனிஷியல். இடப்பக்கத்திலிருந்து எடுக்கும் லெஃப்ட் போட்டு ஒன்று என்று கேட்டால், சிவராமன் மகளுக்கு 'ச.' வருகிறது, முருகன் மகனுக்கு 'ம.' வருகிறது. இது சின்னப் பிழை இல்லை, வேறொருவர் அப்பாவின் எழுத்து. ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் சப்ஸ்ட்ரிங்கில் ஒரு ரெஜெக்ஸ், அதாவது தேடல் வடிவம், கொடுத்தேன்: முதல் குறியீடு, அதையொட்டித் துணைக்காலிலிருந்து புள்ளி வரையுள்ள குறிகள் எத்தனை வந்தாலும் சேர்த்து எடு. 'சி.' வந்தது, 'மு.' வந்தது. ஸ்ரீதரனுக்கு மட்டும் 'ஸ்.' என்று நின்றது. 'ஸ்ரீ'க்குத் தனியாக ஒரு விதி (கேஸ்) எழுதினேன்.

அப்பா பெயர் காலியாக இருந்தவர்களுக்கு, || என்ற இரட்டைக்கோடு போட்டு இனிஷியலையும் பெயரையும் ஒட்டியதில் முழுப்பெயரே நல் (NULL), அதாவது வெறுமை, ஆகிவிட்டது. காலியைத் தாண்டிப்போகும் கான்கேட் டபிள்யூஎஸ் (concat_ws) ஃபங்ஷனுக்கு மாறினேன்.

பழைய பெயர்ப் பத்தியை அழிக்காமல், திருத்தியதைப் பக்கத்திலேயே புதுப் பத்தியில் வைத்தேன். அச்சுக்குப் போகுமுன் நூலகர் அக்காவும் நானும் இரண்டையும் உரக்க வாசித்து ஒப்பிட்டோம். அவருக்கு ஏறக்குறைய எல்லோரையும் தெரியும். இரண்டு பட்டியலிலும் அப்பா பெயரே இல்லாத ஒன்பது பேருக்கு அவரே போன் செய்து கேட்டு நிரப்பினார்.