பால் போதுமா என்று அவளிடம் கேட்காதீர்கள்

குழந்தைக்குப் பால் கொடுப்பது அவள் வேலை, அதில் நான் என்ன செய்ய முடியும் என்று கேட்கும் அப்பாக்களுக்காகவே இதை எழுதுகிறேன். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும், ராத்திரியும் அதில் சேர்த்தி. அம்மாவால் மட்டுமே முடிந்தது அந்தப் பால் கொடுப்பது ஒன்றுதான். ஏப்பம் விட வைப்பது, ஈரத்துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தூங்க வைப்பது, சமையல், மூத்த பிள்ளை இருந்தால் அதன் பாடு, இவை எல்லாம் உங்களாலும் முடியும். அவள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், கேட்கக்கூடத் தெம்பில்லாத நாட்கள் அவை.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. "பால் போதலையோ?" என்ற அந்தக் கேள்வியை அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது. சாயங்காலமானால் பல குழந்தைகள் அரை மணிக்கொரு முறை அழுது அழுது குடிக்கும், உடனே பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பால் பவுடர் வாங்கச் சொல்வார்கள். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், தேவையில்லாமல் புட்டி கொடுத்தால் அந்த அளவுக்கு மார்பில் குடிப்பது குறையும், சுரப்பதும் குறையும். கவலையும் வலியும் சேர்ந்தால், பாலை இறங்க வைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் தடைப்பட்டு, இருக்கிற பாலே இறங்கத் தாமதமாகும். அதனால் வந்தவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போகிறது, எடையும் ஏறுகிறது என்றால் பால் போதுமானதாகவே இருக்கிறது. முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது வழக்கம்தான்.

அப்புறம், நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும். தயவுசெய்து ஒரு முறையாவது பக்கத்தில் உட்கார்ந்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை குழந்தை குடிப்பதைப் பாருங்கள். எனக்குக் காம்பு வெடித்து ரத்தம் வந்தபோது, "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். ஒரே ஒரு நர்ஸ் உட்கார்ந்து பார்த்தார். குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருந்தது, வாயை நன்றாகத் திறக்கும்வரை பொறுத்து, காம்பைச் சுற்றியுள்ள கரிய பகுதியும் உள்ளே போகும்படி, தாடை மார்பில் படும்படி அணைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். வலி அன்றைக்கே குறைந்தது. இதற்கு மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம், நேரம்தான் வேண்டும், அந்த நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கித் தருவது மருத்துவமனை நிர்வாகத்தின் கடமை.

சிசேரியன் ஆனாலும் அம்மா விழித்திருந்து இருவரும் நலமாக இருந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட உதவுங்கள், சீம்பாலை வீணாக்க விடாதீர்கள். வீட்டுக்குக் கிளம்பும் அம்மா கையில் இலவச பவுடர் டின் கொடுக்கக் கூடாது என்று 1981-லேயே உலக சுகாதார சபை விதி வகுத்துவிட்டது. உண்மையிலேயே கூடுதல் பால் தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. அப்போது ஏன், எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்று அம்மாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள், அப்பாவையும் கூடவே உட்காரவைத்து.