இருநூறைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது

"வீட்ல நூத்தம்பது வந்தாலே மாத்திரையைக் கூட்டுவாங்க சார். இங்க இருநூறு காட்டுது, ஒண்ணுமே குடுக்காம வச்சிருக்கீங்களே?"

ரத்தக்குழாய் அடைத்து வந்த பக்கவாதம், முதல் நாள் இரவு, மானிட்டரில் பிரஷர் 200/110. நோயாளியின் மகன் கேட்கும் கேள்வி இது. "இப்ப குறைக்கக் கூடாதுங்க, மூளைக்கு அந்த அழுத்தம் தேவைப்படுது" என்று பதில் சொல்கிறோம். அந்தப் பதில் முழுக்கச் சரிதானா என்பது என்னை இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது.

காரணம் வலுவானதுதான். அடைப்பைச் சுற்றி, சாகவும் சாகாமல் வேலையும் செய்யாமல் கிடக்கும் மூளைப்பகுதி ஒன்று உண்டு. நல்ல மூளையில் பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும் குழாய்கள் சுருங்கி விரிந்து ரத்த ஓட்டத்தைச் சமன்செய்துவிடும். இந்தப் பகுதியில் அந்தத் திறன் போய்விடுகிறது. பிரஷர் எவ்வளவோ, ஓட்டமும் அவ்வளவே. 200-ஐ அவசரமாக 140-க்கு இறக்கினால், அதுவரை லேசாக அசைந்த கை அசையாமல் போகலாம். அதனால்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ, குழாய் வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சையோ இல்லாதவர்களுக்கு 220/120 வரை விட்டுவைக்கிறோம். அதைத் தாண்டினாலும் முதல் 24 மணி நேரத்தில் சுமார் 15 சதவீதம் குறைத்தால் போதும். நாக்கின் அடியில் நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்தை வைப்பது கூடவே கூடாது. பிரஷர் சடாரென விழும், எங்கே நிற்கும் என்று நம் கையில் இல்லை.

ஆனால் ஆய்வுகள் இவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. கேண்டிசார்ட்டன் என்ற பிரஷர் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த 2011-ன் ஸ்காஸ்ட் ஆய்வில் பலன் இல்லை. சீனாவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2014-ல் வெளியான காட்டிஸ் ஆய்வில், மிதமாகக் குறைத்ததால் லாபமும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. அப்படியானால் மகனிடம் சொல்ல வேண்டியது, "குறைச்சா நல்லதுன்னு இதுவரை தெரியலை" என்பதுதானே? நடு இரவில் பயந்து நிற்பவருக்கு அது பதிலாகுமா? 2024-ல் வந்த இன்டராக்ட்4 ஆய்வு எனக்குக் கொஞ்சம் தெம்பு தந்தது. ஸ்கேனுக்கு முன்பே ஆம்புலன்சில் பிரஷரைக் குறைத்தபோது ரத்தக்கசிவு நோயாளிகளுக்கு நன்மை, அடைப்பு நோயாளிகளுக்குக் கெடுதல். ஆனால் அது முதல் இரண்டு மணி நேரக் கதை. அதை வைத்து மறுநாள் காலையைப் பற்றி எப்படிப் பேசுவது?

இதே 200 வேறு படுக்கையில் இருந்தால் நான் காத்திருக்கவே மாட்டேன். கட்டி கரைக்கும் ஊசி போட 185/110-க்குக் கீழே வர வேண்டும். போட்ட பிறகு 24 மணி நேரம் 180/105-க்குள் நிற்க வேண்டும். முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தாண்டினால் பிரஷரைக் குறைக்கும் லபெட்டலால் 10 மி.கி., ஒன்றிரண்டு நிமிடத்தில் மெதுவாகச் சிரை வழியே. மூளைக்குள் கசிவு என்றால் 140-ஐ நோக்கிச் சீராக இறக்க வேண்டும், 130-க்குக் கீழே போகாமல். மகாதமனிச் சுவர் கிழிந்திருந்தாலும், நுரையீரலில் நீர் கோத்திருந்தாலும் காத்திருப்பதற்கு இடமில்லை.

எதையும் முடிவு செய்யும் முன் அந்த எண்ணையே சந்தேகப்பட வேண்டும். பருத்த கையில் சிறிய கஃப் (பிரஷர் பார்க்கும் பட்டை) சுற்றினால் அளவு கூடித் தெரியும். வாதம் வராத கையில், சரியான கஃப்பில் மறுபடி பாருங்கள். பேச்சு போனவரால் சிறுநீர் முட்டுவதைச் சொல்ல முடியாது. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் சிறுநீர் டியூப் போட்டால் மருந்தில்லாமலே பிரஷர் இறங்குவதுண்டு. வலியும் ஆக்சிஜன் குறைவும் இப்படித்தான் ஏமாற்றும். சும்மா விடுவதாக மகனுக்குத் தெரியும் இரவில் சிஸ்டர்களுக்குத்தான் வேலை அதிகம்.

நிலை மாறாமல் இருந்தால், முதல் நாள் கடந்த பிறகு பழைய மாத்திரைகளைத் திரும்பத் தொடங்கலாம். விழுங்கும் சோதனை முடியாமல் வாய்வழியாக எதுவும் கூடாது. எல்லாவற்றையும் ஒரே காலையில் கொடுத்தால், நாம் பயந்த அதே வீழ்ச்சி மூன்றாம் நாளில் வரும். ஆனால் குளோனிடின், பீட்டா பிளாக்கர் போன்ற பிரஷர் மருந்துகளை எடுத்துவந்தவரா என்று முதல் நாளே கேட்க வேண்டும். அவற்றைத் திடீரென நிறுத்தினாலே பிரஷர் எகிறும். அப்போது நாம் பார்க்கும் 200 மூளை கேட்ட அழுத்தமா, மாத்திரை நின்றதால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.