மூத்த அண்ணன் கைனஸ்டன்

இங்கிலாந்தின் கிரிக்கெட் குடும்பமான ஸ்டட் சகோதரர்கள் என்றாலே எல்லோரும் சி.டி. ஸ்டட்டைத்தான் சொல்வார்கள். 1882 ஓவல் டெஸ்டில் ஆடியவர், சீனாவுக்கு மிஷனரியாகப் போனவர், பிறகு நம் ஊட்டியிலும் சில வருடங்கள் சபை ஊழியம் செய்தவர். பெரிய வாழ்க்கைதான். ஆனால் என் மனசுக்கு நெருக்கமானவர் அவருடைய அண்ணன் கைனஸ்டன்.

1882-இல் இன்னொரு தம்பி ஜி.பி., அடுத்த வருடம் சி.டி., 1884-இல் கைனஸ்டன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு மூன்று வருடமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் கேப்டன்! தம்பிகள் இருவரும் தலைமை தாங்கிய பிறகுதான் மூத்தவருக்கு முறை வந்தது. தம்பிகள் இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடினார்கள், இவர் ஆடவில்லை.

இவர் ஆடிய பெரிய இன்னிங்ஸ் லண்டன் ரீஜன்ட் தெருவில். பகலில் வேலை பார்க்கும் இளைஞர்கள் மாலையில் வந்து படிக்கவும் விளையாடவும் குவின்டின் ஹாக் நடத்திய பாலிடெக்னிக் அது. 1903-இல் ஹாக் இறந்ததும் பொறுப்பு இவரிடம் வந்தது. 1944-இல் சாகும்வரை, நாற்பது வருடம், அதன் தலைவராக இருந்தார். இன்றைய வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

1928-இல் லண்டன் மாநகரின் லார்ட் மேயர் ஆனார். எழுபது வயது அப்போது. மேயர் அங்கியைக் கழற்றி வைத்த மறுவருடமே, 1930-இல், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் கிளப்பான எம்.சி.சி.யின் தலைவர்.

மேயர் பதவி ஒரு வருடம்தான். அந்த நாற்பது வருடத்தைப் பற்றி இன்னும் நிறையப் பேர் எழுத வேண்டும்.