புதிய கணினியில் முதலில் நிறுவ வேண்டியவை

அக்கா மகள் இந்த ஆண்டு திருநெல்வேலியில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்காக நாகர்கோவிலில் ஒரு மடிக்கணினி வாங்கினோம். பணம் கட்டி முடித்ததும் கடையில் இருந்தவர், "ஆபீஸ், போட்டோஷாப், ஆன்டிவைரஸ் எல்லாம் போட்டே தந்துவிடுகிறேன், அரை மணி நேரம் இருங்கள்" என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பெட்டியைப் பிரிக்காமலேயே தக்கலைக்குக் கொண்டுவந்தோம். இலவசமாகக் கிடைப்பதை ஏன் மறுத்தேன் என்று அக்காவுக்குப் பேருந்தில் வரும் வழியெல்லாம் வருத்தம். அதன்பின் இரண்டு மாலை நேரங்கள் மருமகளை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் ஏன் நிறுவுகிறோம் என்று சொல்லிச் சொல்லி நிறுவினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடையில் போட்டுத் தருவதை நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. மார்த்தாண்டத்தில் திருமணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் எல்லாவற்றையும் போட்டு வாங்கினார். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை உடைத்துத் தரும் கருவிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, விண்டோஸில் உள்ள பாதுகாப்பை அணைத்துவையுங்கள் என்பதுதான். கதவைத் திறந்து வைத்தால்தான் உள்ளே வரமுடியும் என்று சொல்பவரை நாம் வீட்டுக்குள் விடமாட்டோம். கணினியில் மட்டும் விட்டுவிடுகிறோம். நண்பருடைய கணினியில் ஒரு நாள் காலை எல்லாப் படங்களின் பெயரும் மாறி, எதையும் திறக்க முடியாமல், பணம் கேட்கும் ஒரு குறிப்பு மட்டும் திரையில் நின்றது. நான்கு குடும்பங்களின் திருமணப் படங்கள் அதில் போயின. படம் போனதை அந்தக் குடும்பங்களிடம் அவர் நேரில் சென்று சொன்னபோது நானும் உடன் இருந்தேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆகவே முதல் வேலை எதையும் நிறுவுவது அன்று. விண்டோஸ் புதுப்பிப்புகளை முழுமையாக இறக்கி முடிப்பதுதான். 2017 மே மாதம் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிய வன்னாக்ரை என்னும் தாக்குதல் பயன்படுத்திய ஓட்டையை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே அடைத்திருந்தது. அந்தப் புதுப்பிப்பைப் போடாத கணினிகளும், புதுப்பிப்பே நின்றுபோன பழைய விண்டோஸ் கணினிகளுமே மாட்டிக்கொண்டன. இரண்டாவதாக, கணினியுடன் முன்கூட்டியே வந்திருக்கும் சோதனைக்கால ஆன்டிவைரஸை நீக்கினேன். விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் ஒரு மாணவிக்குப் போதும். தவணை முடிந்ததும் பணம் கேட்டுப் பயமுறுத்தும் ஒன்றை வைத்திருப்பதில் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்றையும் உடனே செய்ய வேண்டும், பலரும் செய்வதில்லை. மைக்ரோசாப்ட் கணக்கைக் கொண்டு தொடங்கும் புதிய கணினிகள் பலவற்றில், கோப்புகள் இருக்கும் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. திருடு போனால் அது நல்லது. ஆனால் பழுதுபார்க்கும்போது கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால், அது கையில் இல்லாதவருக்குத் தம் சொந்தக் கோப்புகளே கிடைக்காமல் போகும். அந்த எண் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை ஒரு தாளில் எழுதி, அக்கா வீட்டில் பத்திரங்கள் இருக்கும் பெட்டியிலேயே வைத்தோம்.

இனி நிறுவியவற்றுக்கு வருகிறேன். முதலில் நிறுவியது தமிழ்.

இதை நான் எப்போதும் முதலில் செய்வதற்குப் பூதப்பாண்டியில் இருக்கும் என் சித்தப்பா காரணம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான அவர், 2002 வாக்கில் நாஞ்சில் நாட்டுக் குளங்களையும் மடைகளையும், அவருடைய இளமையில் வயலில் நின்ற நெல் வகைகளையும் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கணினி பழுதாகி, கோப்பு மட்டும் ஒரு குறுவட்டில் எஞ்சியது. பல ஆண்டுகள் கழித்து நான் அதைத் திறந்தபோது ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவர் எழுதியது எங்கும் போய்விடவில்லை, ஆனால் படிக்கத்தான் முடியவில்லை.

அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவைத்தவை. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டினால், கோப்பில் உண்மையில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளே. அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் அது அம்மா. இல்லாத கணினியில் அது வெறும் ஐந்து குறிகள். ஒவ்வொரு எழுத்துருவும் வெவ்வேறு இடத்தில் பொருத்தியிருந்ததால், ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் படிக்கவும் முடியாது. ஒருங்குறி (யூனிகோட்) வந்த பிறகுதான் தமிழ் எழுத்துகளுக்கென்று உலகம் ஏற்ற நிலையான எண்கள் கிடைத்தன. தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. சித்தப்பாவின் கோப்பை எழுத்துரு மாற்றும் இலவசக் கருவி ஒன்றால் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தேன். பழைய முறையில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கும், ஒருங்குறியில் அவை மெய்க்குப் பின்னால் வரவேண்டும் என்பதால் பல இடங்களில் சொற்கள் சிதைந்திருந்தன. பக்கம் பக்கமாக நாங்கள் இருவரும் உட்கார்ந்து திருத்த ஒரு கோடைக்காலம் ஆயிற்று. இன்றும் அச்சகங்களிலும் சில அலுவலகங்களிலும் பழைய எழுத்துருவிலேயே புதிய கோப்புகள் உருவாவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இப்போதைய விண்டோஸில் தமிழ் எழுதத் தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்து, விசைப்பலகைகளில் தமிழ் 99ஐத் தேர்ந்துகொண்டால் போதும். விண்டோஸ் விசையையும் இடைவெளிப் பட்டையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறிக்கொள்ளும். பழகிய கருவியே வேண்டும் என்பவர்கள் அழகியையோ இ-கலப்பையையோ நிறுவிக்கொள்ளலாம், இரண்டும் இலவசம்.

மருமகள் கைபேசியில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிப் பழகியவள். "அதே மாதிரி இதிலும் அடித்தால் என்ன, மாமா?" என்று கேட்டாள். அடிக்கலாம், தவறில்லை. ஆனாலும் நான் தமிழ் 99க்காக வாதாடினேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட இந்த விசைப்பலகை தமிழின் இயல்பை அறிந்து அமைக்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருக்கின்றன. மிகுதியாக வரும் க, ப, ம, த, ந, ய ஆகியவை விரல்கள் இயல்பாகப் படியும் நடுவரிசையிலேயே இருக்கின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். ந-வை அடுத்து த வந்தால் 'ந்த' என்று தானே ஆகும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டல்கள். தமிழ்ச் சொல்லை மனத்தில் ஆங்கில எழுத்தாக மாற்றி, பிறகு கணினி அதைத் தமிழாக மாற்றும் சுற்றுவழி இதில் இல்லை. ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் பழகிப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

தமிழோடு மலையாள விசைப்பலகையையும் சேர்த்தேன். 1956 நவம்பர் 1 வரை எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், இங்கே பல வீடுகளின் பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கின்றன. அக்கா வீட்டுப் பெட்டியிலும் அப்படி இரண்டு உண்டு. அவற்றை என்றாவது படியெடுத்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இணையம் பார்க்கும் உலாவிக்கு ஃபயர்பாக்ஸும், அதில் விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்னும் நீட்சியும் (உலாவியோடு சேர்க்கும் துணைக்கருவி). குரோமில் அந்த நீட்சியின் முழு வடிவம் இப்போது இயங்குவதில்லை என்பதும் ஃபயர்பாக்ஸைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். விளம்பரத் தடுப்பை நான் வசதியாக அன்றிப் பாதுகாப்பாகவே கருதுகிறேன். மென்பொருள் இறக்கும் பக்கங்களில் பச்சை நிறத்தில் பெரிதாக மின்னும் 'டவுன்லோடு' பொத்தான்களில் பல உண்மையில் விளம்பரங்களே. தேடும்போது முதலில் வருவதும் சில நேரங்களில் போலித் தளத்தின் விளம்பரமாக இருக்கும். ஆகவே எந்த மென்பொருளையும் அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தோ, விண்டோஸிலேயே உள்ள மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுக்கச் சொன்னேன்.

படமும் பாட்டும் பார்க்கக் கேட்க வி.எல்.சி.; 1996இல் பாரிஸ் அருகே மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்தது, இன்றுவரை விளம்பரமே இல்லை. சுருக்கிய கோப்புகளைப் பிரிக்க 7-ஜிப். இவ்விரண்டைப் பற்றியும் மேலும் சொல்ல ஒன்றுமில்லை, நிறுவினால் போதும்.

எழுத்துவேலைக்கு லிபர் ஆபீஸ் போட்டேன். ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010இல் பிரிந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள் இது. கட்டணமோ தவணையோ கிடையாது, திரையில் தெரியும் பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கல்லூரியில் வேர்டு கோப்பாகத்தான் கேட்பார்கள். லிபர் ஆபீஸ் அதைத் திறக்கும், அவ்வடிவிலேயே சேமிக்கவும் செய்யும், ஆனால் அட்டவணைகளும் படங்களும் நிறைந்த பக்கங்களில் அமைப்பு சற்று நகர்ந்துவிடக்கூடும். திருத்துவதற்கு அனுப்புவதாக இருந்தால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். படிப்பதற்கு மட்டும் என்றால் பி.டி.எப். ஆக மாற்றி அனுப்பிவிட வேண்டும். பி.டி.எப். கோப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்தே செல்வதால், பெறுபவரின் கணினியில் தமிழ் எழுத்துரு எதுவாக இருந்தாலும் எழுத்து சிதையாது. கல்லூரியே மாணவர்களுக்கு மைக்ரோசாப்ட் ஆபீஸ் உரிமம் தந்தால் அதையும் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம்.

கடவுச்சொற்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி நிறுவினேன். எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டிய ஒரே கோப்பில் வைத்து, ஒரு பெரிய கடவுச்சொல்லால் மட்டும் திறக்கும் முறை இது. அந்தக் கோப்பு நம் கணினியிலேயே இருக்கும். கைபேசியிலும் உடனுக்குடன் வேண்டும் என்பவர்களுக்குப் பிட்வார்டன் ஏற்றது. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் தேர்வு எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது, முதலில் அது போக வேண்டும்.

நிறுவக் கூடாததைப் பற்றியும் அவளிடம் நெடுநேரம் பேசினேன். வங்கியிலிருந்து பேசுகிறோம், கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது என்று அழைத்து, தொலைவிலிருந்து நம் திரையைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் மென்பொருளை நிறுவச் சொல்பவர் யாராக இருந்தாலும் அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அத்தகைய மென்பொருள்கள் நல்ல வேலைக்காகவே உருவானவை. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் உள்ள பெற்றோரின் கணினியை அவற்றால்தான் சரிசெய்து தருகிறார்கள். ஆனால் நாமே தேடி அழைத்தவருக்குத்தான் அந்தச் சாவியைக் கொடுக்கலாம். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். வேகத்தைக் கூட்டுகிறோம், குப்பையை நீக்குகிறோம் என்று வரும் மென்பொருள்களும் வேண்டாம்.

அக்கா வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியும் கிடந்தது. அதில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி அந்தக் கணினிக்கு இல்லை. அதைத் தூக்கிப்போடாமல், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். அக்கா இப்போது அதில்தான் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்க்கிறார்.

கடைசியாக, பேக்கப். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது குலசேகரத்தில் அண்ணன் வீட்டு ஓட்டுக்கூரை மேல் ரப்பர் மரம் விழுந்தது. மழை முழுவதும் மேசைமீது இருந்த கணினியில்தான் இறங்கியது. பல நாட்கள் மின்சாரம் இல்லாததால் கணினி போயிற்று என்பதே பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளின் சிறுவயதுப் படங்களில் மைனி (அண்ணி) ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருந்தவை மட்டும் தப்பின. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. இடியோடு கூடிய மாலை மழையும் இங்கே புதிதன்று. மின்னல் வெட்டத் தொடங்கினால் மின்செருகியோடு இணையக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும்.

மருமகளுக்கு ஒரு டெராபைட் வெளிவட்டு வாங்கிக் கொடுத்து, ஃப்ரீஃபைல்சிங்க் நிறுவினேன். கணினியையும் வட்டையும் ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் அது நகலெடுக்கும். இருபுறமும் ஒரே மாதிரி ஆக்கும் முறையைத் தேர்ந்தால் கணினியில் தவறுதலாக அழித்தது வட்டிலும் அழிந்துவிடும் என்பதால், மாறியவற்றைச் சேர்க்கும் முறையையே அமைத்தேன். நகலெடுத்து முடிந்ததும் வட்டைக் கழற்றிவிட வேண்டும். செருகியே விட்டால், மார்த்தாண்டத்து நண்பருக்கு நேர்ந்தது போன்ற தாக்குதல் வரும்போது இரண்டும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிடும். விண்டோஸின் ஒன்டிரைவ் தானாக நகலெடுப்பதும் உதவிதான், ஆனால் இலவசமாகக் கிடைக்கும் 5 ஜி.பி. சில வாரங்களில் நிறைந்துவிடும்.

கணினி அவளோடு திருநெல்வேலி விடுதிக்குப் போய்விட்டது. வட்டு தக்கலையில் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அவள் ஊருக்கு வரும்போது, சாப்பிட உட்காரும் முன் அதைச் செருகிவிட்டு உட்காரச் சொல்லியிருக்கிறேன்.