மஞ்சளாகிப் போன மீடியா

வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். எலிக் கருவின் இதயத்திலிருந்து உருவான எச்9சி2 செல்களை 1 சதவீத ஆக்சிஜனில் ஒரு நாள் வைத்து எடுக்க வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21. காலையில் சேம்பரை, அதாவது ஆக்சிஜன் குறைத்த அந்தப் பெட்டியைத் திறந்தால், சிவப்பாக இருக்க வேண்டிய மீடியா, செல்கள் வளரும் ஊட்டத் திரவம், மஞ்சளாகக் கிடக்கிறது. பாக்டீரியா விழுந்துவிட்டது என்று ஆறு தட்டிலும் பிளீச் ஊற்றிவிட்டேன்.

சீனியர் அக்கா குடியாத்தத்துக்காரர். திட்டவில்லை.

"கலங்கியிருந்துச்சா?"

"இல்லக்கா, தெளிவாத்தான் இருந்துச்சு."

"அப்போ இன்னாத்துக்குமா ஊத்துன?"

கிருமி விழுந்தால் கலங்கும். தெளிந்த மஞ்சள் வெறும் அமிலம்; மீடியாவில் இருக்கும் சாயம் அமிலம் கூடினால் மஞ்சளாகும். ஆக்சிஜன் போதாமல் செல்கள் குளுக்கோஸை லாக்டேட் (லாக்டிக் அமிலம்) வரைக்கும் உடைத்து வெளியே தள்ளியிருக்கின்றன. உயிரோடுதான் இருந்திருக்கின்றன, நான் ஊற்றும் வரை.

வளர்ந்த இதயம் பெரும்பாலும் கொழுப்பை எரித்தே துடிக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் சர்க்கரைப் பக்கம் சாய்கிறது. ஏன் என்பது எனக்கு எங்கள் நிலத்தை வைத்துத்தான் புரிந்தது. எங்கள் ஊர் அணைக்கட்டுப் பக்கம் ஏரி நிரம்பாத வருஷம் அப்பா நெல் நட மாட்டார், கேழ்வரகுதான். இருக்கிற தண்ணிக்கு என்ன தேறும் என்பதே அவர் கணக்கு. கொழுப்பு ஏடிபியை, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறை, அள்ளிக் கொடுக்கும், ஆக்சிஜனையும் அள்ளிக் குடிக்கும். அதே ஆக்சிஜனுக்குக் குளுக்கோஸ் சற்று அதிகமாகவே தரும். ஆக்சிஜன் அறவே இல்லையென்றால் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான், இருந்தால் கிட்டத்தட்ட 30. அந்த இரண்டை வைத்து இதயம் ரொம்ப நேரம் ஓட்ட முடியாது.

கருவிலிருந்து வந்த செல்கள் இயல்பிலேயே சர்க்கரைப் பிரியர்கள். அதனால் இந்தத் தட்டில் பார்த்ததை நெஞ்சுவலிக்காரர் இதயத்துக்கு அப்படியே பொருத்த எனக்கு இன்னும் துணிச்சல் இல்லை.

சர்க்கரைப் பக்கம் சாயும் இந்த மாற்றத்தை முடுக்கிவிடுவது எச்ஐஎஃப்-1 என்ற புரதம். செல் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காக 2019-இல் செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் நோபல் கிடைத்தது. எனக்கு அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் பிளாட் (blot) சோதனையில் மூன்று முறை வெற்றுத் தாள்தான் கிடைத்தது. வெளிக்காற்று பட்ட சில நிமிடங்களில் அந்தப் புரதம் சிதைந்துவிடும். நானோ தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தா முழுக்க நடந்து, ஐஸ் இருந்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நான்காவது முறை ஐஸ் பெட்டியைச் சேம்பர் வாசலிலேயே வைத்தேன். பேண்ட், புரதம் இருப்பதைக் காட்டும் பட்டை, தெரிந்தது, மங்கலாக. அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார்.