கோமாளி மீன் கையைக் கடித்த கதை

இரண்டு வருடமாக என் கையிலிருந்து தீனி வாங்கித் தின்ற மீன், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கையைக் கடித்தது. கண்ணாடியில் படிந்த பாசியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். விரல் முட்டியில் சாமணத்தால் கிள்ளின மாதிரி சுருக்கென்றது. ரத்தமெல்லாம் வரவில்லை. ஆனால் கையை வெளியே எடுக்கும்வரை விடாமல் துரத்திக்கொண்டு வந்தது.

தொட்டி இரண்டரை அடி நீளம், ஏறத்தாழ 150 லிட்டர் உப்புத்தண்ணீர். சென்னை கொளத்தூரில் வாங்கிய ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு க்ளீனர் இறால், நாலைந்து நத்தை, அவ்வளவுதான். கடலில் கோமாளி மீன் குடியிருக்கும் அனிமோன் என்கிற பூ மாதிரியான பிராணி கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன மண்சட்டியைப் படுக்கவைத்திருக்கிறேன். ராத்திரி இரண்டும் அதற்குள்தான் தூங்கும்.

கடியோடு போயிருந்தால் விட்டிருப்பேன். பெரியது இறாலைப் பாறைக்குப் பின்னால் விரட்டி அடைத்துவைத்தது. சின்னது பெரியதன் முன்னால் போய் உடம்பைச் சாய்த்துக்கொண்டு வெடவெடவென நடுங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்றைக்கே டெஸ்ட் கிட்டை எடுத்தேன். அமோனியா பூஜ்யம், நைட்ரேட் 10 பிபிஎம், வெப்பம் 28 டிகிரி. சலினிட்டி, அதாவது உப்பின் அளவு மட்டும் 1.027, வழக்கமாக 1.025 வைப்பேன். வெயிலுக்குத் தொட்டிமேல் ஃபேன் ஓடுவதால் தினம் இரண்டு லிட்டர் ஆவியாகிறது. தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே தங்கிவிடும். அதற்கு முந்தின வாரம் ஐந்து நாள் ஊருக்குப் போயிருந்தேன், ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வீட்டில் ஆள் இல்லை. சரி, குற்றவாளி அகப்பட்டான் என்று நிம்மதி. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இரண்டு நாளில் 1.025க்குக் கொண்டுவந்தேன். மறுநாளும் கடித்தது.

மீன் கடைக்காரர் ஒருவர் போனிலேயே தாமிர மருந்தை ஊற்றச் சொன்னார். மருந்து பாட்டில் அலமாரியில் இருந்தது, மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் தாமிரம் பட்டால் இறாலும் நத்தையும் பிழைக்காது, பாறையும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தவிர, அந்த மருந்து போடுகிற வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய் என்றால் மீன் தீனியைத் தொடாது, மேலே வந்து மூச்சு வாங்கும், டார்ச் அடித்தால் உடம்பில் பொடி தூவின மாதிரி தெரியும். இங்கே அப்படி எதுவும் இல்லை. பெரியது இரண்டு பங்கு தின்றுகொண்டிருந்தது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

ஊரிலிருந்து என்னோடு வந்திருந்த அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அடைக்கோழிகிட்ட கைய நீட்டினா கொத்தாம என்னடா பண்ணும்? முட்டை கிட்டை வெச்சிருக்கான்னு பாரு" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, சின்னது இரண்டு நாளாக ஓயாமல் மண்சட்டியின் உட்புறத்தை வாயால் சுரண்டித் துடைத்துக்கொண்டிருந்தது. பாசி தின்கிறது என்று நினைத்திருந்தேன்.

புதன் சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ரூபாய் அளவுக்கு ஆரஞ்சுத் திட்டு. எள்ளை ஒவ்வொன்றாக நிற்கவைத்து ஒட்டின மாதிரி முட்டைகள்.

அம்மா சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். அடைகாப்பது ஆண். துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், வெளுத்துப்போன முட்டைகளை வாயால் எடுத்துவிடும். பெண்ணுக்குக் காவல் வேலை. கோமாளி மீன்களில் எல்லாம் முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாகிவிடும். அது செத்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறும். சின்னது நடுங்கியதும் நோயில்லை, 'நீதான் பெரியவள்' என்று பணிந்துபோகிற ஜாடை. இதையெல்லாம் வாங்கும்போதே படித்திருந்தேன். கண்முன்னால் நடந்தபோது ஞாபகம் வரவில்லை, வெட்கக்கேடு.

முதல் ஈடு வெள்ளிக்கிழமை காணாமல் போனது. மீன்களே தின்றிருக்க வேண்டும். புதுசாக முட்டை வைக்கிற ஜோடிக்கு இது சகஜம்.

13 நாள் கழித்து அடுத்த ஈடு. இந்தத் தடவை தங்கியது. ஆரஞ்சு பழுப்பானது, ஏழாம் நாள் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு வெள்ளிப் புள்ளி. கண்கள்! எட்டாம் நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு பொரிந்தன. கண்ணிமை முடியைத் துண்டுதுண்டாக நறுக்கிப் போட்டது போல மிதந்தன. காலையில் ஒன்றுகூட இல்லை. பாதியை ஃபில்டர் இழுத்திருக்கும், மீதியை யார் தின்றார்களோ. பிடித்து வைத்திருந்தாலும் ஊட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வாய்க்கு ரோட்டிஃபர் என்கிற நுண்ணுயிர் மாதிரி கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இரைதான் நுழையும்.

அதனால் இப்போது சமையலறை ஜன்னலில் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று, காற்றுக் குழாயோடு. பச்சைப் பாசித் தண்ணீரில் ரோட்டிஃபர் விட்டிருக்கிறேன். அவை பாசியைத் தின்று பெருகினால் பச்சை தெளியும். பாசி தேய்க்க பிரஷ்ஷை ஒரு நீளக் குச்சியில் கட்டிக்கொண்டேன். அந்தக் குச்சிக்கும் கடி விழுகிறது. ஊருக்குத் திரும்பிவிட்ட அம்மா போன் செய்தால் முதலில் அடைக்கோழியைத்தான் விசாரிக்கிறார்.

நேற்று சாயங்காலம் சின்னது மறுபடி சட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டது. பாட்டில் தண்ணீர் இன்னும் பச்சையாகவே இருக்கிறது.