ஃபோர்டு ஊரில் ஒரு டுரியே

சிகாகோவிலிருந்து ரயிலில், மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் போகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை: டாக்சியில் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள். கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு ஓட்டுநர் பறித்த தொகையில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். 'விடுமுறைக் கட்டணம்' என்றார். அநியாயம்! நுழைவுச்சீட்டு வேறு முப்பது டாலருக்கு மேல்.

உள்ளே 1896ஆம் ஆண்டின் டுரியே வண்டியை, அமெரிக்காவின் ஆரம்பகாலப் பெட்ரோல் கார்களில் ஒன்றைப் பார்த்ததும் அந்தக் கோபம் பறந்துவிட்டது. குதிரையை அவிழ்த்துவிட்ட சாரட்டு போலவே இருக்கிறது. ஸ்டீயரிங் சக்கரம் இல்லை. ஒரு தண்டைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும்.

சார்லஸ், ஃபிராங்க் டுரியே சகோதரர்கள் சைக்கிள் தொழிலிலிருந்து வந்தவர்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், 70 டாலருக்கு வாங்கிய பழைய சாரட்டில் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜினைப் பொருத்தி, 1893 செப்டம்பரில் தெருவில் ஓட்டிக் காட்டினார்கள். 1895 நவம்பர் 28 அன்று சிகாகோ தெருக்களெல்லாம் பனி. எவன்ஸ்டன் வரை போய்த் திரும்பும் பந்தயம், சுமார் 54 மைல். புறப்பட்ட ஆறு வண்டிகளில் திரும்பி வந்தவை இரண்டே. பத்து மணி நேரத்துக்கு மேல் போராடி முதலில் வந்த ஃபிராங்க் 2,000 டாலர் பரிசை வென்றார். அந்தக் குளிரில், கூரையில்லாத வண்டியில்!

மறு ஆண்டே ஒரே மாதிரியாக 13 வண்டிகள் செய்தார்கள். அவற்றில் எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். அதே 1896இல் ஹென்றி ஃபோர்டு தன் முதல் வண்டியை மட்டுமே செய்து முடித்திருந்தார். அதுவும் இதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூட்டமெல்லாம் அதன் பக்கம்தான். எனக்கு இது பொறுக்கவில்லை. ஒரே மாதிரிக் கார்களை வரிசையாகச் செய்து விற்கும் தொழிலை அமெரிக்காவில் தொடங்கிவைத்தவர்கள் டுரியே சகோதரர்கள். ஆனால் 1898இலேயே நிறுவனம் முடிந்துபோனது. அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள். வண்டியை உருவாக்கிய பெருமை யாருக்கு என்ற சண்டை ஆயுள் முழுக்க நீடித்தது. என்னைக் கேட்டால், பட்டறையில் கை கறுக்க உழைத்த ஃபிராங்குக்குத்தான்.

சாப்பாட்டுக்கு அருங்காட்சியகத்துக்குள் செலவழிக்காதீர்கள். டியர்பார்ன் அரபு மக்கள் நிறைந்த ஊர். வெளியே ஒரு லெபனான் உணவகத்தில் சுடச்சுட ரொட்டியும் பூண்டுச் சட்டினி தடவிய கோழியும் கொடுத்தார்கள். அபாரம்! ரொட்டியை மறுபடி மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

1893ஆம் ஆண்டின் அந்த முதல் வண்டி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. அடுத்து அங்கேதான் போகிறேன், பஸ்ஸில்.